கொழும்பில் ஆஸ்பத்திரிப் பயிற்சி வழியாக ரேடியோகிராபர் ஆவது: விண்ணப்பம் முதல் பதிவு வரை முழுமையான வழிகாட்டி

உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்து, ரேடியோகிராபி, அதாவது எக்ஸ்ரே, சி.டி. போன்ற படங்கள் எடுக்கும் தொழிலைப் படிக்க நினைக்கும் தமிழ் மாணவருக்கான வழிகாட்டி இது. படிகளை இங்கே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். புதியவர்கள் இடறுவது பெரும்பாலும் ஒரு வேலையை அதன் முறை தப்பிச் செய்வதால்தான். பதிவு கிடைக்குமா என்று விசாரிக்காமல் காசு கட்டுகிறார்கள். பயிற்சி தொடங்கிய பிறகு தடுப்பூசிக்கு அலைகிறார்கள். படம் எடுத்து முடித்த பிறகு நோயாளியின் பெயரைப் பார்க்கிறார்கள்.

## 1. பதிவிலிருந்து தொடங்குங்கள்

இலங்கையில் ரேடியோகிராபராக வேலை செய்ய இலங்கை மருத்துவ சபையில் பதிவு வேண்டும். மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் துணை மருத்துவத் தொழில்களுக்கு அங்கே தனிப் பதிவேடு இருக்கிறது. ரேடியோகிராபர், மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், இயன்மருத்துவர் எல்லாரும் அந்தச் சபையில்தான் பதிவார்கள்.

எந்தப் பாடநெறிக்கும் ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: "இந்தச் சான்றிதழை வைத்து ரேடியோகிராபராகப் பதிய முடியுமா?" கேட்க வேண்டிய இடம் கொழும்பு 10, நொறிஸ் கெனல் வீதியில் உள்ள மருத்துவ சபை அலுவலகம். பாடநெறி நடத்துபவரிடம் கேட்டால் போதாது.

இந்தப் படி முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. "எக்ஸ்ரே உதவியாளர்", "இமேஜிங் அசிஸ்டன்ட்" என்ற பெயர்களில் குறுகிய பாடநெறிகள் கொழும்பில் நடக்கின்றன. நோயாளியைக் கூட்டி வருவது, கோப்பு எடுப்பது, கட்டில் தள்ளுவது போன்ற உதவி வேலைகளுக்கு அவை பயன்படலாம். கதிர் பாய்ச்சும் பொறுப்புக்கு அவை வழிவிடா. ஒரு வருடமும் வீட்டாரின் காசும் போன பிறகு இதை அறிந்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு. ஒரு கடிதத்தில் தவிர்க்கக்கூடிய இழப்பு அது.

## 2. வழியைத் தெரிவு செய்யுங்கள்

ஆஸ்பத்திரி வழி என்பது சுகாதார அமைச்சின் கீழ், கொழும்பு தேசிய வைத்தியசாலையோடு சேர்ந்து இயங்கும் ரேடியோகிராபி பாடசாலையில் படிக்கும் இரண்டு வருட டிப்ளோமா. காலையில் நோயாளி, பிறகு விரிவுரை, மறுநாள் அதே பாடம் நோயாளியின் மேல் என்று கைவேலையும் படிப்பும் பின்னிப் போகும். அரச சேவைக்கு ஆள் சேர்க்கும் பயிற்சி என்பதால் வெற்றிடம் அறிவித்தால் மட்டுமே வாசல் திறக்கும்.

பல்கலைக்கழக வழி நான்கு வருடப் பட்டம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணை சுகாதார விஞ்ஞான பீடத்தில் ரேடியோகிராபி இருக்கிறது. அனுமதி இசட் புள்ளிப்படி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஊடாக. இரத்மலானையில் உள்ள ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் ரேடியோகிராபிப் பட்டம் உண்டு.

மேற்படிப்பு, ஆய்வு, விரிவுரை என்று மனம் போகிறவர் பட்டத்தைப் பார்க்கட்டும். கைத்தொழில் சீக்கிரம் கைக்கு வர வேண்டும், அரச நியமனம் வேண்டும் என்பவருக்கு ஆஸ்பத்திரி வழியே பொருத்தம். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதில் தவறில்லை. ஒன்றை நம்பி மற்றதன் முடிவுத் திகதியை விட்டுவிடாதீர்கள்.

## 3. வர்த்தமானியை முழுவதும் வாசியுங்கள்

ஆட்சேர்ப்பு அறிவித்தல் வெள்ளிக்கிழமைகளில் வரும் அரசாங்க வர்த்தமானியில் வெளியாகும். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ்ப் பிரதியும் கிடைக்கும். முகநூலில் சுற்றும் சுருக்கத்தை வைத்து விண்ணப்பிக்க வேண்டாம். வயதெல்லை எந்தத் திகதிக்குக் கணக்கிடப்படுகிறது, எந்த வருட உயர்தரம் ஏற்கப்படும் என்ற இரண்டு வரிகளும் அந்தச் சுருக்கங்களில்தான் காணாமல் போகும்.

அடிப்படைத் தகைமை உயர்தர விஞ்ஞானப் பிரிவு, மூன்று பாடங்களும் ஒரே அமர்வில். சாதாரண தரத்தில் தாய்மொழி, கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகியவற்றில் எடுத்த சித்தியின் தரத்தையும் பார்ப்பார்கள். துல்லியமான எல்லையை அந்த வருட வர்த்தமானியே தீர்மானிக்கும். போன வருடம் சேர்ந்த அக்கா சொன்னதை இந்த வருடத்துக்குப் பொருத்தாதீர்கள்.

அறிவித்தல் வருவதற்கு முன்பே இவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்: பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழ்கள், பாடசாலை விடுகைப் பத்திரம், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று. பெறுபேற்றுச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பத்தரமுல்ல, பெலவத்தையில் உள்ள பரீட்சைத் திணைக்களத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள்.

தமிழ் விண்ணப்பதாரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது பெயரில். பிறப்புச் சான்றிதழ் தமிழில், அடையாள அட்டை வேறோர் ஆங்கில எழுத்துக்கூட்டலில், பெறுபேற்றுத் தாளில் இன்னொன்று. தகப்பன் பெயர் ஒன்றில் முன்னால், மற்றதில் பின்னால். நேர்முகப் பரீட்சையில் இது சந்தேகத்தைக் கிளப்பும். ஒரே ஆள்தான் என்று உறுதிப்படுத்தும் சத்தியக் கடதாசி ஒன்றைச் சமாதான நீதவானிடம் முன்கூட்டியே முடித்து வைத்திருங்கள்.

ஒப்பந்தப் பகுதியையும் வாசியுங்கள். பயிற்சியின் பின் எவ்வளவு காலம் அரச சேவை செய்ய வேண்டும், நடுவில் விலகினால் என்ன செலுத்த வேண்டும், பிணையாளர் யாராக இருக்கலாம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பிணை நிற்கக்கூடியவரிடம் முன்பே பேசி வையுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் நல்ல உறவினரும் தயங்குவார்.

## 4. சேர்வதற்கு முந்திய ஆறு மாதம்

முதல் வேலை ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. மூன்று ஊசிகள்: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. அது முடிந்து ஒன்று இரண்டு மாதத்தில் இரத்தப் பரிசோதனை செய்து பாதுகாப்பு வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். விபத்துப் பிரிவில் இரத்தத்தோடு வரும் நோயாளியைத் தொட்டுத் தூக்குவது உங்கள் அன்றாட வேலை. பயிற்சியின் முதல் நாளில் முதல் ஊசி போட்டால், முதல் அரை வருடத்தை முழுப் பாதுகாப்பின்றிக் கழிப்பீர்கள்.

அடுத்தது எலும்பு. மனித உடலில் 206 எலும்புகள். அவற்றின் பெயரையும், ஒவ்வொன்றிலும் கையால் தொட்டு உணரக்கூடிய மேடு எது என்பதையும் படியுங்கள். மணிக்கட்டின் இரண்டு பக்க முனைகள், முழங்கை மேடு, தோள்பட்டை எலும்பின் கீழ்முனை, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு ஆகியவற்றை உங்கள் உடம்பிலேயே கண்ணை மூடித் தொட்டுக் கண்டுபிடிக்கப் பழகுங்கள். படம் எடுக்கும்போது உள்ளே இருக்கும் எலும்பு தெரியாது. வெளியே தட்டுப்படும் இந்த மேடுகளை வைத்துத்தான் கதிரின் நடுவை நிறுத்துவோம்.

உயிரியல் பிரிவில் வந்தவர் பௌதிகவியலில் அலை, மின்காந்தம், அணு ஆகிய அலகுகளைத் திருப்பிப் பாருங்கள். கணிதப் பிரிவில் வந்தவர் உடற்கூற்றியலுக்கு இரட்டிப்பு நேரம் ஒதுக்குங்கள். விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். தமிழ் மூலத்தில் படித்தவர் சொற்களை இப்போதே ஆங்கிலத்தில் பழகாவிட்டால் முதல் மூன்று மாதம் மொழியோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும்.

சிங்களமும் வேண்டும். கொழும்பு ஆஸ்பத்திரிகளில் வரும் நோயாளிகளில் பெரும்பாலோர் சிங்களம் பேசுபவர்கள். இலக்கணம் பிறகு வரட்டும், முதலில் பத்து வாக்கியம் போதும். "நம மொகக்த?" என்றால் பெயர் என்ன. "ரிதென்னே கொஹெத?" எங்கே நோகிறது. "ஹெல்லென்ன எபா" அசைய வேண்டாம். "ஹொந்தட ஹுஸ்ம கன்ன, அல்லகென இன்ன" மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இதில் "ஹொந்தட" என்ற சொல்லை விடாதீர்கள். வெறும் "ஹுஸ்ம கன்ன" என்றால் சாதாரணமாக மூச்சு விடச் சொல்வதாகவே பலர் எடுத்துக்கொள்வார்கள். தமிழிலும் "மூச்சு எடுங்க" என்று சொன்னால் இதே குழப்பம்தான்.

## 5. முதல் வாரம்: உங்களைக் காத்துக்கொள்ளுங்கள்

கதிர் அறைக்குள் கால் வைப்பதற்கு முன் உங்கள் பெயரில் டி.எல்.டி. பட்டி கேளுங்கள். உடம்பு வாங்கிய கதிரின் அளவைச் சேர்த்து வைக்கும் சிறு அட்டை அது. நெஞ்சு உயரத்தில் குத்துங்கள். ஈய ஏப்ரன் போடும்போது பட்டி ஏப்ரனுக்கு உள்ளே இருக்க வேண்டும், ஏனெனில் உடம்புக்குள் போன அளவுதான் தேவை. கழுத்துக்கு இரண்டாவது பட்டி தந்தால் அது மட்டும் வெளியே.

பட்டியை ஏப்ரனிலேயே குத்தி, ஏப்ரனை அறைக்குள் மாட்டிவிட்டுப் போவதுதான் புதியவர்களின் வழமையான பிழை. யாரும் இல்லாத நேரத்திலும் பட்டி கதிரை எண்ணிக்கொண்டிருக்கும். மாத முடிவில் உங்கள் பெயரில் பொய்யான உயர்ந்த அளவு வரும், விசாரணை வரும். மோட்டார் சைக்கிள் பெட்டியில் வெயிலில் வைத்தாலும் அளவீடு கெடும்.

எல்லைகளை மனப்பாடம் செய்யுங்கள். தொழில் செய்பவருக்கு ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவேட் (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு). எந்தத் தனி வருடத்திலும் 50ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு வருடத்துக்கு 1. இவற்றை நாட்டில் கண்காணிப்பது 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவை. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண்: ஒரு நெஞ்சுப் படம் நோயாளிக்குத் தருவது சுமார் 0.02 மில்லிசீவேட்.

ஏப்ரனை மடிக்காதீர்கள், கதிரையின் முதுகில் போடாதீர்கள். மடிப்பில் ஈயம் வெடிக்கும், வெளித்துணி நன்றாகவே இருக்கும், வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. அகலமான கொளுக்கியில் தொங்கவிடுங்கள்.

பயிலுனர்கள் ஒருவர் மேல் ஒருவர் நிலைப்படுத்திப் பழகலாம், பழகத்தான் வேண்டும். ஆனால் பொத்தானைத் தொடக் கூடாது. பழகுவதற்காக ஆரோக்கியமான உடம்பில் கதிர் பாய்ச்சுவதற்கு எந்த நியாயமும் கிடையாது, நண்பன் சம்மதித்தாலும்.

கர்ப்பமாகும் பயிலுனர் உடனே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். அறிவித்த நாளிலிருந்து சிசுவுக்கு 1 மில்லிசீவேட்டைத் தாண்டாதபடி வேலையை மாற்றித் தருவார்கள். வெட்கப்பட்டுத் தள்ளிப்போடும் அந்த முதல் வாரங்கள்தான் சிசுவுக்கு மிக முக்கியமானவை.

## 6. ஒரு நெஞ்சுப் படம், தொடக்கம் முதல் முடிவு வரை

இந்த ஒரு படத்தை ஒழுங்காக எடுக்கப் பழகினால் மற்றதெல்லாம் அதன் மேல் ஏறும். வரிசை மாறாமல் செய்யுங்கள்.

தாளை வாசித்தல். நோயாளியைக் கூப்பிடும் முன் கோரிக்கைத் தாளைப் பாருங்கள். பெயர், வயது, வார்டு, பீ.எச்.டி. (வார்டில் நோயாளிக்குத் தரும் கட்டில் சீட்டு) இலக்கம், எந்தப் பகுதி, எதற்காக. காரணம் எழுதாத தாளைத் திருப்பிக் கேளுங்கள். நியூமோதொராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிவு) சந்தேகம் என்று இருந்தால் ஒரு மாதிரி, போட்ட குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்றால் இன்னொரு மாதிரி பார்ப்பீர்கள்.

ஆளை உறுதி செய்தல். "நீங்கள் பாத்திமாவா?" என்று கேட்காதீர்கள். பயந்திருக்கும் நோயாளி எதற்கும் தலையாட்டுவார். "உங்கட முழுப்பெயர் என்ன?" என்று கேட்டு, அவர் வாயால் வந்ததைத் தாளோடு ஒப்பிடுங்கள். ஒரே காலையில் மூன்று பெரேரா, இரண்டு பாத்திமா வருவது கொழும்பில் சாதாரணம். பெயரோடு வயது அல்லது பீ.எச்.டி. இலக்கம் என்று இரண்டாவது ஆதாரமும் பொருந்த வேண்டும்.

கேட்க வேண்டியதைக் கேட்டல். கர்ப்பமாகக்கூடிய வயதுப் பெண் என்றால் திரைக்குப் பின்னால், தனியாக: "வயிற்றில பிள்ளை இருக்கிற வாய்ப்பு இருக்கா? கடைசியா பீரியட் வந்த திகதி என்ன?" தாயோ கணவனோ பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் உண்மை வராது. "இருக்கலாம்" என்று சொன்னால் நீங்களாக முடிவெடுக்காமல் பொறுப்பு ரேடியோகிராபரிடம் போங்கள்.

உடையும் நகையும். சங்கிலி, சேலை ஊசி, ஹிஜாப் ஊசி, உலோகக் கூடு வைத்த தாயத்து, உள்ளாடைக் கொக்கி எல்லாம் நீங்க வேண்டும். நீண்ட பின்னலைத் தூக்கிக் கொண்டையாகக் கட்டச் சொல்லுங்கள். இறுக்கிப் பின்னிய, எண்ணெய் தேய்த்த கூந்தல் தோளில் கிடந்தால் நுரையீரலின் மேல்நுனியில் நிழலாக விழும். காசநோய் தேடும் இடமும் அதுதான், ஆகவே இல்லாத நோய்க்கு மருந்து தொடங்கும் அபாயம் இருக்கிறது.

தாலியைக் கழற்ற மனமில்லாதவரை வற்புறுத்தாதீர்கள். கொடியை மேலே தூக்கி, நாடிக்கு மேல் வாயோரம் பிடித்துக்கொள்ளச் சொன்னால் நுரையீரல் பகுதிக்குள் விழாது. பருத்தி நூல் பெரும்பாலும் தெரியாது, அறுக்கச் சொல்ல வேண்டியதில்லை.

இயந்திரத்தை முதலில், ஆளைப் பிறகு. கதிர் வரும் டியூபை, படம் பதியும் டிடெக்டரிலிருந்து 180 சென்டிமீற்றரில் நிறுத்துங்கள். கதிரின் அளவை முன்கூட்டியே போடுங்கள். நோயாளியை நிற்க வைத்துவிட்டு நீங்கள் மேசைக்கு ஓடினால், திரும்பி வரும்போது தோள் தளர்ந்திருக்கும், உடம்பு சாய்ந்திருக்கும். 180 ஏன் என்றால், தூரம் கூடும்போது இதயம் பெருத்துத் தெரிவது குறையும்.

நிலைப்படுத்தல். நெஞ்சு டிடெக்டரில் பட, முதுகு உங்கள் பக்கம். நாடி உயர்ந்திருக்கட்டும். கைகளின் பின்புறம் இடுப்பில், முழங்கைகளை முன்னே தள்ளுங்கள். அப்போதுதான் தோள்பட்டை எலும்பு நுரையீரலை விட்டு விலகும். கதிரின் நடு நெஞ்சுப் பகுதியின் ஏழாவது முதுகெலும்பில், அதாவது தோள்பட்டை எலும்புகளின் கீழ்முனைகள் இருக்கும் மட்டத்தில். பின்னாலிருந்து பாருங்கள்: இரண்டு தோளும் ஒரே உயரமா, இரண்டு இடுப்பும் டிடெக்டரிலிருந்து ஒரே தூரமா?

வெளிச்சத்தைச் சுருக்குதல், மார்க்கர் வைத்தல். கதிர் விழும் பரப்பைக் காட்டும் கொலிமேட்டர் வெளிச்சம் தேவையான இடத்தை மட்டும் மூட வேண்டும். பெரிதாகத் திறந்து எடுத்துவிட்டுத் திரையில் வெட்டிக்கொள்வது இப்போது பரவலான கெட்ட பழக்கம். படம் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் நோயாளியின் வயிறு வீணாகக் கதிர் வாங்கியிருக்கும். வலது, இடது மார்க்கரை வெளிச்சத்துக்குள் ஒட்டுங்கள். படத்தைத் திருப்பிப் பிடித்தால் இதயம் பக்கம் மாறும். மென்பொருளில் பிறகு எழுதும் எழுத்து, ஈய மார்க்கருக்கு ஈடல்ல.

மூச்சும் பொத்தானும். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னதும் உடனே அழுத்தாதீர்கள். கண்ணாடி வழியே தோளைப் பாருங்கள். ஏறி நின்றதும் எடுங்கள். எடுத்து முடிந்ததும் "மூச்சு விடுங்க" என்று சொல்ல மறக்காதீர்கள். முதியவர் ஒருவர் நீங்கள் சொல்லும் வரை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பார்.

படத்தைப் பார்த்தல். நோயாளியை அனுப்பும் முன் பாருங்கள். பின் விலா எலும்புகள் பத்து எண்ண முடிகிறதா? காறை எலும்புகளின் உள்முனைகள் முதுகெலும்புக் கோட்டிலிருந்து சம தூரத்தில் இருக்கின்றனவா? நுரையீரல்களின் கீழ் ஓரக் கோணங்கள் இரண்டும் படத்துக்குள் இருக்கின்றனவா? மார்க்கர் தெரிகிறதா? ஏழு விலாதான் தெரிந்தால் மூச்சு போதவில்லை, அந்தப் படத்தில் இதயம் பெருத்தும் அடிநுரையீரல் வெளுத்தும் தெரியும்.

திரும்ப எடுக்க வேண்டி வந்தால், முதலில் என்ன பிழை என்று வாயால் சொல்லுங்கள். காரணம் சொல்ல முடியாமல் திரும்ப எடுத்தால் இரண்டாவதும் அதே பிழையோடு வரும்.

## 7. எண்களைப் புரிந்துகொள்ளுங்கள்

கேவிபி கதிரின் ஊடுருவும் வலு. எம்ஏஎஸ் கதிரின் அளவு, மில்லிஅம்பியரைச் செக்கனால் பெருக்கி வருவது. 200 மில்லிஅம்பியர், 0.1 செக்கன் என்றால் 20 எம்ஏஎஸ். 400ஐ 0.05 செக்கனுக்குக் கொடுத்தாலும் அதே 20. அசையும் குழந்தைக்கு இரண்டாவதைத் தெரிவு செய்வீர்கள்.

கேவிபியை 15 வீதம் கூட்டினால் எம்ஏஎஸ்ஸைப் பாதியாக்கலாம். 70 கேவிபி, 20 எம்ஏஎஸ் என்பது ஏறத்தாழ 80 கேவிபி, 10 எம்ஏஎஸ். படத்தின் கறுப்பு வெள்ளை மாறுபாடு சற்றுக் குறையும், நோயாளி வாங்கும் அளவும் குறையும்.

தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கதிர் குறையும். 100 சென்டிமீற்றரில் 10 எம்ஏஎஸ் போதுமாக இருந்த படத்தை 180இல் எடுக்க 1.8 × 1.8 × 10, அதாவது 32.4 வேண்டும். தூரத்தை மாற்றிவிட்டு எண்ணை மாற்ற மறப்பது முதல் மாதத்தில் எல்லாரும் செய்வது.

சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பிரதி எடுத்து வைத்திருப்பது நல்லது. அதைவிட, ஒவ்வொரு படத்துக்கும் நீங்கள் போட்ட எண்ணையும், நோயாளியின் பருமனையும், கிடைத்த முடிவையும் சிறு குறிப்பேட்டில் எழுதுங்கள். டிஜிட்டல் இயந்திரம் அளவு கூடிய படத்தையும் அழகாகத் திருத்திக் காட்டும். பிழை கண்ணுக்குத் தெரியாததால், மாதம் மாதமாக எண்கள் மெல்ல ஏறிக்கொண்டே போகும். டிடெக்டருக்கு வந்த கதிரின் அளவைக் காட்ட, திரையின் ஓரத்தில் வரும் எக்ஸ்போஷர் இன்டெக்ஸ் எண்ணைப் பார்ப்பவருக்குத்தான் அது பிடிபடும்.

சீ.ஆர். கசெட் (படத்தைப் பதிந்து, பிறகு வாசிப்பானில் போடும் தட்டு) பாவிக்கும் இடத்தில் இரண்டு விடயம். நாள் முழுதும் கிடந்த கசெட்டை எடுக்கும் முன் அழிப்பில் போடுங்கள், இல்லாவிட்டால் சிதறிய கதிரின் மூட்டம் படத்தில் ஏறும். எடுத்ததும் எடுக்காததும் ஒரே மேசையில் கிடக்கக் கூடாது. ஒரே கசெட்டில் இரண்டு நோயாளிகள் விழுவது அப்படித்தான்.

## 8. எலும்பு முறிவு

ஒரே பக்கத்திலிருந்து எடுத்தால் முறிவு ஒளிந்துகொள்ளும். குறைந்தது இரண்டு படம், ஒன்றுக்கொன்று 90 பாகையில். நீண்ட எலும்பு என்றால் மேல் மூட்டும் கீழ் மூட்டும் படத்துக்குள் வர வேண்டும்.

நோகும் கையைத் திருப்பாதீர்கள், டியூபைத் திருப்புங்கள். புதியவர் கையைத் திருப்பப் போய் நோயாளி அலறுவதும், முறிவு இடம் மாறுவதும் நடக்கக்கூடியது.

கழுத்தில் அடிபட்டவரின் கொலரைக் கழற்றாதீர்கள். பக்கப் படம் கிடையாகக் கதிர் பாய்ச்சி எடுக்கப்படும். ஏழாவது கழுத்தெலும்பும் அதற்குக் கீழே நெஞ்சுப் பகுதியின் முதலாவது முதுகெலும்பின் மேல்விளிம்பும் தெரியாத படம் முடிந்த படம் அல்ல. தோள் மறைத்தால் பொறுப்பாளரிடம் சொல்லி வேறு நிலை எடுங்கள்.

## 9. வார்டும் சத்திரசிகிச்சைக் கூடமும்

தள்ளு இயந்திரத்தோடு வார்டுக்குப் போனால் பொத்தான் கம்பியை முழுதாக நீட்டிக் குறைந்தது 2 மீற்றர் விலகுங்கள். நோயாளியிலிருந்து 1 மீற்றரில் சிதறிய கதிர் மூலக் கதிரின் ஆயிரத்தில் ஒரு பங்கு, 2 மீற்றரில் அதன் கால்வாசி. அழுத்தும் முன் "எக்ஸ்ரே!" என்று உரக்கச் சொல்லி, பக்கத்துக் கட்டில் ஆட்களுக்கு விலக நேரம் கொடுங்கள்.

கூடத்தில் சீ-ஆர்ம் (சீ எழுத்து வடிவக் கையுள்ள தள்ளு எக்ஸ்ரே இயந்திரம்) நிறுத்தும்போது டியூப் மேசைக்குக் கீழே, டிடெக்டர் மேலே, நோயாளிக்கு எட்டியவரை கிட்ட. சிதறல் டியூப் பக்கமே அதிகம் என்பதால், கீழே இருந்தால் சத்திரசிகிச்சை நிபுணரின் முகமும் கண்ணும் தப்பும். கிருமி நீக்கிய நீலத் துணி போர்த்த எதையும் தொடாதீர்கள். ஒரு தொடுகையில் முழு மேசையையும் திரும்ப விரிக்க வேண்டி வரும்.

## 10. சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும்

சி.டி.யில் படம் தெளிவாக வர ஊசியால் மருந்து ஏற்றும் முன் மூன்று கேள்வி: முன்பு இப்படி மருந்து ஏற்றி ஒவ்வாமை வந்ததா, கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) எவ்வளவு, மெட்போர்மின் என்ற நீரிழிவு மருந்து குடிக்கிறாரா. பதிலைத் தாளில் எழுதி, கையெழுத்து வைக்க வேண்டியவரிடம் வாங்குங்கள். ஊசி ஏறும்போது அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். வீங்கினால் உடனே நிறுத்துங்கள்.

எம்.ஆர்.ஐ. காந்தம் இரவும் பகலும் உயிரோடு இருக்கும். "இயந்திரம் ஓடவில்லை" என்று நினைத்து ஒட்சிசன் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு போனால் அது பறக்கும்.

இங்கே தமிழ்ப் பயிலுனரின் பங்கு பெரிது. படிவத்தில் "உடலில் உலோகம் உண்டா" என்று இருக்கும். வன்னியிலிருந்து வந்த அம்மா "இல்லை" என்பார், அவருக்கு உலோகம் என்றால் பேஸ்மேக்கர், தகடு, ஸ்க்ரூ. அதனால் அவர் மொழியிலேயே கேளுங்கள்: "ஷெல் பட்டதா அம்மா? உடம்பில சன்னம் ஏதும் இருக்கா? எங்க?" பலர் பல வருடமாகச் சுமந்துகொண்டு மறந்தே போயிருப்பார்கள். கண்ணுக்குப் பக்கத்தில், முதுகுத் தண்டுக்குப் பக்கத்தில் என்றால் முதலில் ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ரேடியாலஜிஸ்ட் தீர்மானிக்கட்டும். வெல்டிங் வேலை செய்தவரிடமும் கண்ணில் இரும்புத் தூள் விழுந்ததா என்று கேளுங்கள்.

எந்த அறையிலும் "என்ன இருக்கு மகன், சொல்லுங்கோ" என்று நோயாளி கேட்பார். "டொக்டர் பார்த்துச் சொல்லுவார், படம் தெளிவா வந்திருக்கு" என்பதோடு நிறுத்துங்கள். படத்தைத் தொலைபேசியில் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவது, பெயரை மறைத்தாலும், வேண்டாம்.

## 11. பதிவேடு, பரீட்சை, கடைசிக் காகிதங்கள்

பயிற்சிப் பதிவேட்டில் அன்றன்றே கையெழுத்து வாங்குங்கள். பயிற்சியிடம் மாறிக்கொண்டே இருக்கும். மகரகம அபேக்ஷா ஆஸ்பத்திரியில் கதிர்ச் சிகிச்சை, பொரளை லேடி றிஜ்வேயில் குழந்தைகள் என்று போகும்போது, மூன்று மாதம் கழித்துப் பழைய பொறுப்பாளரைத் தேடிப் பிடிப்பது லேசல்ல. தேசிய வைத்தியசாலைப் பக்கமிருந்து மகரகமவுக்கு 138ஆம் இலக்க பஸ் நேரே போகும், ஆனால் காலை நெரிசலுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

வாய்மொழிப் பரீட்சையில் பலர் தடுமாறுவது "ஏன்" என்ற கேள்வியில். "180 சென்டிமீற்றர்" என்று சொல்லிவிடுவார்கள், ஏன் 100 அல்ல என்றதும் வாய் அடைத்துப்போகும். குறிப்பேட்டில் ஒவ்வொரு நிலைக்கும் பக்கத்தில் காரணத்தை ஒரு வரியில் எழுதி வந்தவருக்கு இது தனிப் படிப்பாக இருக்காது.

சித்தியடைந்ததும் நொறிஸ் கெனல் வீதிக்குப் போகும் நாளை நியமனக் கடிதம் வரும் வரை தள்ளாதீர்கள். டிப்ளோமாச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாம் படியில் செய்த சத்தியக் கடதாசி இங்கேயும் உதவும்.

பயிற்சிக் காலத்து டி.எல்.டி. அளவுகளின் பிரதியையும் கையெழுத்தோடு வாங்கி வையுங்கள். அடுத்த ஆஸ்பத்திரியிலோ வெளிநாட்டிலோ ஐந்து வருடச் சராசரியைக் கணக்கிடும்போது உங்கள் முதல் இரண்டு வருடம் அந்தத் தாளில் மட்டுமே இருக்கும்.